பொதுக் கிணறும் பொருளியற் கோட்பாடும்

சித்திரை வெயிலிற் கிணற்று நீர் தாழ்ந்துவருங் காலத்தில், வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் வெங்காயப் பாத்திகளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் நீரிறைப்பதா, இயந்திரத்தை நிறுத்துவதா என்று முடிவு செய்கின்றார். முடிவு சிறிது, நாடோறுஞ் செய்யப்படுவது, அதற்கு ஏட்டறிவின் துணை வேண்டுமென எவருங் கருதார். ஆயினும் இத்தகைய முடிவுகளைப் பற்றியே மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் நூல்கள் பல எழுந்துள்ளன. அவற்றுட் பெரும் பேர் பெற்றவை இரண்டு. ஒன்று, கரெற் ஹாடின் என்பார் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கட்டுரை. மற்றையது, எலினோர் ஒஸ்ரம் அம்மையார் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். முன்னையது நோயைக் கூறியது. பின்னையது அந்நோய் எல்லார்க்கும் வருவதன்று என்று காட்டியது. இவ்விரு கோட்பாடுகளும் நமது கிணற்றடியில் எத்துணைத் தூரம் நின்று பயன்படும், எவ்விடத்திற் கால் தளரும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாடின் உயிரியல் வல்லுநர். அவர் கட்டுரை அமெரிக்காவின் 'சயன்ஸ்' என்னும் ஏட்டில் 1968 டிசெம்பரில் வெளிவந்தது. அதன் தலைப்பைப் 'பொதுவுடைமையின் அவலம்' என்று மொழிபெயர்ப்பாருமுளர். பொதுவுடைமை என்னுஞ் சொல் நம்மிடையே வேறோர் அரசியற் பொருளில் ஆழப் பதிந்துவிட்டமையால், 'பொதுமையின் அவலம்' என்றே ஈண்டு வழங்குவாம். கட்டுரையின் உயிர்நாடியாகிய எடுத்துக்காட்டு அவருடையதன்று. ஒக்ஸ்போட்டிற் பொருளியல் கற்பித்த லோயிட் என்பார் 1833ஆம் ஆண்டில் அச்சிட்ட விரிவுரையொன்றிலிருந்து அதனை அவர் எடுத்தாண்டார். நமது நாட்டு வழக்கில் வைத்து அதனைச் சொல்வதாயின் பின்வருமாறு சொல்லலாம்.

ஊரவர் யாவர்க்கும் பொதுவான தரவை ஒன்று உளது. அதிற் பத்து வீட்டார் மாடு மேய்க்கின்றனர். ஒருவர் தம் பட்டியில் இன்னுமொரு மாட்டைச் சேர்க்க எண்ணுகின்றார். அம்மாட்டின் பாலும் எருவும் விலைப்பணமும் அவருக்கே உரியன. அது தின்பதாற் புல் குறைந்து விளையும் நட்டமோ பத்து வீட்டார்க்கும் பங்காகும். அவரைச் சேர்வது அதிற் பத்திலொன்று மட்டுமே. ஆகவே கணக்கறிந்தவர் மாட்டைச் சேர்ப்பார். ஏனைய ஒன்பதின்மரும் கணக்கறியாதவர் அல்லர். அவர்களும் சேர்ப்பர். ஈற்றில் தரவை வெறுந்தரையாகும். ஒவ்வொருவரும் தமக்கு நன்மையையே தேடினர். எல்லாரும் அழிவையே பெற்றனர்.

'அவலம்' என்னுஞ் சொல்லை ஹாடின் துயரம் என்ற பொருளிற் கொள்ளவில்லை. வைற்கெட் என்னும் மெய்யியலாளரைத் துணைக்கொண்டு, இரக்கமின்றித் தன் போக்கிற் செல்லும் ஒன்றன் தவிர்க்கவொண்ணாமையையே அவர் அச்சொல்லாற் குறித்தார். அங்ஙனமாயின் தமிழில் அதற்கு நெருங்கிய சொல் அவலமன்று, ஊழ் என்பதே. ஊழுக்கு 'விதி' என்பது இன்னொரு பெயர். அவ் விதி என்னுஞ் சொல்லுக்கே ஒழுங்குமுறை, கட்டளை என்ற பிறிதொரு பொருளும் நம் மொழியில் உண்டு. ஹாடினுடைய கோட்பாட்டின் வலிமையும் குறைபாடும் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலேயே கிடக்கின்றன என்பது எமது கருத்து. விதிமுறை இல்லாமையால் நேர்ந்ததனை அவர் தலைவிதி என்று கொண்டார்.

குறை கூறுமுன் நிறையைச் சொல்லுதல் முறை. ஊர்ப்பொது ஒன்று பாழானவிடத்து அதற்குக் காரணம் மக்களின் பேராசையே என்று கூறி அமைவது நமது மேடைகளின் வழக்கம். ஹாடின் இப்பழக்கத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றார். மேலே கூறிய தோட்டக்காரர் பேராசைக்காரர் அல்லர். தாம் இயந்திரத்தை நிறுத்தினால் நிலத்தடி நீர் மிஞ்சப்போவதில்லை என்பதை அவர் அறிவார். அடுத்த வளவிலுள்ள இயந்திரம் அதனை இறைத்துவிடும். நிறுத்துவதால் அவருடைய பயிர் வாடும், நீரோ எஞ்சாது. இந்நிலையில் நல்லவரும் இறைப்பர், கெட்டவரும் இறைப்பர். தனிமனிதரின் ஒழுக்கத்தில் மாத்திரம் காரணம் தேடுவோர்க்குப் புலப்படாத இவ்வுண்மையை ஒரு கணக்கின் வாயிலாகப் புலப்படுத்தியது ஹாடினின் சிறப்பு. மன்கர் ஒல்சன் என்னும் பொருளியலறிஞரும் இதையொத்த ஒன்றை 1965ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். பெருங் கூட்டமொன்றின் உறுப்பினர் பொதுநலனை நன்கு உணர்ந்திருந்தும், கட்டாயமோ தனிப்பட்ட ஊதியமோ இல்லாதவிடத்து அதற்காக உழையார் என்பது அவர் முடிபு. சனசமூக நிலையத்தின் சிரமதானத்துக்கு முப்பது பேர் வருவதாகச் சொல்லி அறுவர் வந்து நிற்கக் கண்டோர்க்கு ஒல்சனை விளக்க வேண்டியதில்லை.

இனிக் குறையைக் காண்போம். ஹாடினுடைய தரவையில் மாடுகள் உள, மேய்ப்போர் உளர், ஊர் இல்லை. அங்கு எவரும் எவரோடும் பேசுவதில்லை. ஒருவர் ஐந்தாவது மாட்டை அவிழ்த்துவரும்போது, "இது என்ன புதுமை?" என்று கேட்பாரில்லை. விதானை இல்லை; கோயிலடிக் கூட்டம் இல்லை; மைத்துனன் முறையுள்ளவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்ற அச்சமும் இல்லை. உலகில் எங்கேனும் இத்தகைய தரவை இருந்ததா என்பதே வினா. லோயிட் வாழ்ந்த இங்கிலாந்திற்கூடப் பொதுநிலங்கள் பலவற்றில் ஒவ்வொரு குடியும் எத்தனை மாடு விடலாம் என்ற வரையறை ஊர்மன்றங்களால் விதிக்கப்பட்டிருந்தது என்பதை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஹாடின் வருணித்தது பொதுநிலத்தையன்று. உரியவர் எவருமில்லாத, யாரும் புகக்கூடிய வெளியையே. அவரும் பின்னாளில் இதனை ஒருவாறு ஏற்று, 1994ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரைக்கு 'நிருவகிக்கப்படாத பொதுமையின் அவலம்' என்று தலைப்பிட்டார். ஓர் அடைமொழி இருபத்தாறு ஆண்டுகள் தாமதித்து வந்தது. அதற்குள் முதற் கட்டுரை உலகெங்கும் பாடமாகிவிட்டது.

பாடமானதனால் விளைந்தது என்ன? பொதுவாயிருப்பது அழியும் என்பது உண்மையாயின், அதனைத் தனியார்க்குப் பகிர்ந்துவிட வேண்டும். அல்லது அரசு கையகப்படுத்திக் கட்டாயத்தால் ஆளவேண்டும். இவ்விரண்டையன்றி மூன்றாவது வழி அக்கோட்பாட்டில் எளிதிற் புலப்படுவதில்லை. ஹாடினுடைய உண்மையான இலக்கு மேய்ச்சல் நிலமுமன்று. மக்கட்பெருக்கத்தைக் கட்டாயத்தால் தடுக்கவேண்டும் என்பதே அக்கட்டுரையின் முடிபு. 1974ஆம் ஆண்டில், செல்வ நாடுகளை உயிர்காப்புத் தோணிகளுக்கு ஒப்பிட்டு, ஏழை நாடுகளுக்கு உணவுதவி அளித்தல் தகாது என்று வாதிடும் வரையில் அவர் சென்றார். கோட்பாட்டைப் படிப்போர் அஃது எதனை விளக்குகின்றது என்பதோடு, எதற்கு வாதாடப் பிறந்தது என்பதையும் உசாவுதல் வேண்டும். அரசுடைமையின் பயனைக் காண விழைவோர் நேபாளத்தை நோக்கலாம். அந்நாட்டரசு 1957ஆம் ஆண்டிற் காடுகளைத் தேசியமயமாக்கிற்று. காவல் செய்யத்தக்க ஆட்பலம் அரசிடம் இல்லை. தமதல்லாத காட்டைக் காக்க ஊரவர்க்கு மனமுமில்லை. காடு மெலிந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் ஊர்ப் பயனாளர் குழுக்களிடம் காட்டின் மேற்பார்வை பரவலாகக் கையளிக்கப்பட்டது.

எலினோர் ஒஸ்ரம் (1933–2012) இவ்விடத்திலேயே தம் வினாவைத் தொடங்குகின்றார். பொருளியலுக்கான நோபெல் நினைவுப் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவர். 2009ஆம் ஆண்டில் ஒலிவர் வில்லியம்சனோடு அதனைப் பகிர்ந்துகொண்டார். பயிற்சியால் அவர் அரசறிவியலாளர் என்பது கருதத்தக்கது. அவர் செய்தது எளிது போலத் தோன்றும்: பொதுச் சொத்தை நெடுங்காலம் அழியாது காத்த மக்கள் எங்கேனும் உளரா என்று தேடினார். உளர் என்று கண்டார். சுவிற்சலாந்தின் தோர்பெல் என்னும் மலையூரில், குளிர்காலத்திற் தன் வைக்கோலாற் பேணக்கூடிய எண்ணிக்கைக்கு மேற்பட்ட மாடுகளைக் கோடையில் எவரும் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என்ற விதி 1517ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. ஹாடினுடைய தரவைக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டா. ஸ்பெயினின் வலென்சியாவில், வியாழக்கிழமைதோறும் பேராலய வாயிலிற் கூடி வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கும் நீர்மன்றம் இன்னொரு சான்று. இவ்வாறு பலவற்றை ஒப்புநோக்கி, நிலைத்து நின்ற ஏற்பாடுகளிற் காணப்படும் எட்டு நெறிகளை அவர் வகுத்தார். எல்லை தெளிவாயிருத்தல், விதி இடத்துக்கு ஏற்றதாயிருத்தல், விதியால் ஆளப்படுவோர் அதனை மாற்றுதலிற் பங்குகொள்ளல், காவலர் பயன்பெறுவோர்க்குப் பொறுப்புடையராதல், தண்டம் சிறிதிலிருந்து படிப்படியாகப் பெரிதாதல் என்பன அவற்றுள் முதன்மையானவை.

அவருடைய கல்வி வாழ்வின் தொடக்கம் நமக்குத் தனிப்பட்ட முறையில் அணுக்கமானது. 1965ஆம் ஆண்டில் நிறைவெய்திய அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு கலிபோர்ணியாவின் கடற்கரையிலுள்ள ஒரு நிலத்தடி நீர்த்தேக்கத்தைப் பற்றியது. லொஸ் ஏஞ்சலிசுக்கு அண்மையில், மேற்கு வடிநிலம் எனப்படும் அப்பகுதியில் நகரசபைகளும் நீர்க்கம்பனிகளும் ஆலைகளும் தத்தமக்கு வேண்டியவாறு நீரை இறைத்தன. நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே சென்றது. உவர்நீர் உள்ளே புகுந்தது. ஹாடினுடைய கணக்கின்படி அங்கே அழிவே முடிவாதல் வேண்டும். நிகழ்ந்தது வேறு. 1945இல் வழக்கொன்று தொடுக்கப்பட்டது. 1946இல் நீர்பெறுவோர் சங்கம் ஒன்று அமைந்தது. எவரெவர் எவ்வளவு இறைக்கின்றனர் என்பது வழக்கின் பொருட்டு முதன்முறையாக அளந்தறியப்பட்டது. ஏனையோரும் குறைப்பராயின் யாமும் குறைப்போம் என்ற இடைக்கால உடன்பாடு 1955இல் நடைமுறைக்கு வந்தது. 1961இல் இறுதித் தீர்ப்பாயிற்று. கரையோரமாகக் கிணறுகள் தோண்டி நன்னீரை உட்செலுத்தி, கடல்நீர் புகாவண்ணம் நிலத்தினுள் நீராலேயே அணை அமைத்தனர். ஒவ்வொருவரும் இறைத்த அளவு ஆண்டுதோறும் அறிக்கையில் வெளியாயிற்று. அயலார் எவ்வளவு இறைக்கின்றனர் என்பது தெரிந்தபின், தான் மட்டும் ஏமாறுவதாக ஒருவர் எண்ணுதற்கு இடமில்லை.

இனி நமது கிணற்றுக்கு வருவாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. வழுக்கையாறு மாரியிலேயே ஆறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடு இறங்கி, உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் பலரும் அறிந்ததே. இம்மிதப்பினைக் கைபன் என்னும் ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேக் என்னும் செருமானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கணித்தனர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழ் ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும். மறுதலையாக, மேலே ஓரடி தாழ்த்துவோர் கீழிருந்து நாற்பதடி உவரை மேலே அழைக்கின்றனர். வெடிப்பும் குகையும் நிறைந்த நமது பாறையில் இக்கணக்கு அப்படியே பொருந்தாதெனினும் அதன் போக்கு மாறாது. தோட்டக்காரரின் ஒரு மணி நேரம் எத்தகைய முடிவு என்பதை இக்கோட்பாடு காட்டுமளவுக்குக் கண் காட்டாது. கிணற்றில் அவர் காண்பது ஓரடி இறக்கம் மட்டுமே.

இக்கிணறுகளைப் பங்கிட நம் முன்னோர் விதியின்றி இருந்தனரோ எனின், அன்று. பங்குக் கிணறு என்பது குடாநாட்டின் தொன்மையான ஏற்பாடு. காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்படும். சீதனமாகவும் முதுசமாகவும் காணி பிரியப் பிரியப் பங்கும் பிரிந்து, எட்டிலொன்று, பதினாறிலொன்று எனச் சிறுக்கும். பங்கின் அளவுக்கேற்ப இறைப்பு முறை வரும். இன்னார்க்கு இன்ன நாள் என்பது யாவர்க்கும் தெரியும். முறை தவறி இறைப்பவரை வாய்க்கால் வரம்பில் நிற்கும் அடுத்த பங்காளரே கண்டுகொள்வர். தனிக் காவலர் வேண்டியதில்லை. ஒஸ்ரம் அம்மையார் இக்கிணற்றைக் கண்டிருப்பின் தம் நூலில் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார் என்று கருதலாம்.

ஆயினும் இவ்விதி நாளைப் பங்கிட்டதேயன்றி நீரைப் பங்கிடவில்லை. அன்று அது போதுமானதாயிற்று. துலாவில் இருவர் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, ஒருவர் பாத்திக்கு நீர் மாற்ற, விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமளவும் உழைத்தாலும் ஒரு கிணற்றிலிருந்து எடுக்கக்கூடிய நீருக்கு ஓரளவு இருந்தது. மனித உடலின் களைப்பே எழுதப்படாத விதியாக நின்று நீரைக் காத்தது. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் இறைப்பியந்திரம் பரவியபோது உறுதிகளில் ஓரெழுத்தும் மாறவில்லை, முறைநாளும் மாறவில்லை. அந்நாளில் எடுக்கப்படும் நீர் மட்டும் பன்மடங்காயிற்று. களைப்பு என்னும் விதி அகன்றதை எவரும் கவனித்திலர். அதற்கு ஈடாகப் பிறிதொரு விதி வகுக்கப்படவுமில்லை. ஒரு கருவி வந்து வேலையை எளிதாக்கும்போது, அவ்வேலையின் கடுமை இதுகாறும் எதனைக் காத்து நின்றது என்று கேட்குமாறு மாணவரைப் பழக்குதல் பொருளியல் வகுப்பின் நற்பயன்களுள் ஒன்றாகும்.

மற்றுமொரு குறையும் உண்டு. ஒஸ்ரத்தின் முதல் நெறி எல்லை பற்றியது. பங்குக் கிணற்றின் எல்லை தெளிவானதே. ஆனால் அது கிணற்றின் எல்லை, நீரின் எல்லையன்று. எட்டுப் பங்காளர் தம்முள் ஒழுங்காக இருப்பினும், நூறு யார் தொலைவிலுள்ள தனிக் கிணற்றுக்காரர் அதே நீர்வில்லையிலிருந்தே இறைக்கின்றார். தோட்டத்துக்கு இடப்படும் செயற்கை உரமும் மலகூடக் குழியின் கழிவும் கற்பாறையின் வழியே யார் எல்லையையும் கேளாது செல்கின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிக்கிராம் என்ற வரம்பைக் கடந்துள்ளமை ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. ஆகவே மேலே தனியுடைமையாகவும் பங்குடைமையாகவும் தோன்றுவது கீழே முற்றாகப் பொது. ஹாடின் வருணித்த தரவை உலகில் எங்குமில்லை என்று மேலே கூறினோம். நிலத்தின் மேல் இல்லை என்று திருத்திச் சொல்வதே பொருத்தம்.

நல்ல விதியொன்று இருந்தும் போதாமற்போனதற்கு இந்நாட்டிலிருந்தே ஒஸ்ரம் ஒரு சான்று காட்டுகின்றார். தென்கரையிலுள்ள மாவெல்ல என்னும் ஊரின் கரைவலைத் தொழிலை மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் ஆராய்ந்தார். மீன் படும் நல்ல துறையில் வலை வீசும் வாய்ப்பு எல்லா வலைகளுக்கும் சுழன்று வரும்படி அவ்வூரார் நுணுக்கமான முறை வகுத்திருந்தனர். முறை நேர்மையானது. ஆனால் வலைகளின் தொகைக்கு வரம்பில்லை. வரம்பிட எழுந்த அரசாங்க விதியை நிறைவேற்றுவாரில்லை. ஒவ்வொரு புதிய வலையும் சுழற்சியில் இடம் பெற, ஒருவரின் முறை வரும் நாள் தொலைவாயிற்று. எல்லார்க்கும் சமமாகவே நட்டம் பகிரப்பட்டது. கிணற்றுப் பங்கு பதினாறிலொன்றாகிய கதையும் மாவெல்லக் கதையும் ஒன்றே.

கல்லோயாவின் செய்தி வேறு வகையினது. அதன் இடது கரை வாய்க்கால்களில் மேல்மடையார் வேண்டியவாறு நீர் எடுக்க, கடைமடையார் வாடிய நிலை நீடித்தது. 1980களின் தொடக்கத்தில், விவசாய ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இளைஞர் சிலரை அவ்வூர்களில் தங்கவைத்து, வயல்வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் சிறு குழுக்களை அமைக்கத் துணைசெய்தன. வாய்க்கால்கள் துப்புரவாயின, முறை நீர் தொடங்கிற்று, மேல்மடையார் சிலர் தம் மடையை அடைத்துக் கடைமடைக்கு நீர் விட்டனர். மேல்மடையிற் சிங்கள விவசாயிகளும் கடைமடையிற் பெரிதும் தமிழ் விவசாயிகளும் இருந்தனர் என்பதும், 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இனக்கலவரம் நிகழ்ந்த அதே கல்லோயா இது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. இம்முயற்சியில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹோப் 1992இல் வெளியிட்ட நூலில், தன்னலக் கணக்கை மட்டுமே கொண்ட கோட்பாடுகளால் தாம் கண்டதை விளக்க முடியவில்லை என்று வாதிடுகின்றார். அவருடைய நூலில் ஆர்வம் ஓரிரு இடங்களில் ஆய்வை மிஞ்சுகின்றது என்பது எம் எண்ணம். ஆயினும் அவர் காட்டும் நிகழ்ச்சிகளை ஒல்சனின் முடிபோடு இசைவித்தல் எளிதன்று.

இதுவரை ஒஸ்ரத்தின் பக்கமே நின்று பேசினோம். அவர் கோட்பாட்டின் மீது எமக்குள்ள பெருங் குறையை இனிக் கூறுதல் வேண்டும். எல்லை தெளிவாயிருத்தல் வேண்டும் என்பார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் எல்லை மிகத் தெளிவாகவே இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் கிணற்றுக்கட்டில் ஏறலாகாது; தம் வாளியை விடலாகாது; உரிமையுள்ளார் ஒருவர் வந்து அள்ளி ஊற்றுமளவும் குடத்தோடு தள்ளி நிற்றல் வேண்டும். இவ்விதியை ஊரே காவல் செய்தது. மீறினார்க்குத் தண்டம் படிப்படியாகவே ஏறிற்று: முதலில் ஏச்சு, பின்பு வேலை மறுப்பு, அதன்பின் அடியும் வேலி எரிப்பும். விதி நெடுங்காலம் நிலைத்தும் நின்றது. நிலைபேறு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு நோக்கின், இது வெற்றிபெற்ற ஏற்பாடாகவே தோன்றும். எட்டு நெறிகளிற் பல இக்கொடிய கிணற்றடியில் நிறைவெய்துகின்றன என்பதே நம்மைத் திடுக்கிடச் செய்வது.

விதியால் ஆளப்படுவோர் விதியை மாற்றுவதிற் பங்குகொள்ளல் வேண்டும் என்ற நெறி உண்டே என்று ஒஸ்ரத்தின் சார்பில் விடை கூறலாம். விடை நியாயமானது; போதுமானதன்று. குடத்தோடு தள்ளி நின்றவர் அக்கிணற்றின் பயனாளராகக் கணிக்கப்பட்டாலன்றோ அவர்க்கு அப்பங்கு கிடைக்கும்! எல்லைக்குட்பட்டோர் யாவர் என்று வகுத்தபின்னரே அவருடைய கோட்பாடு முழு வலிமையோடு பேசத் தொடங்குகின்றது. அவ்வகுப்பை வகுத்தவர் யார் என்ற வினாவிற்கு அது போதிய இடம் தரவில்லை. இந்தியாவின் மகாட் என்னும் ஊரிற் பொதுக்குளத்து நீரை அள்ளும் உரிமைக்காக அம்பேத்கர் 1927 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றார். குளத்தை எல்லார்க்கும் திறந்துவிடும் தீர்மானம் அந்நகரசபையில் அதற்கு முன்னரே நிறைவேறியிருந்தது. தாளில் எல்லை அகன்றது; கரையில் அகலவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வருதற்கு 1937ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமது நாட்டிலும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அதன்பின் ஒரு பத்தாண்டு கழிந்தும் கோயில் வாயில்களிலும் தேநீர்க்கடைகளிலும் போராட்டம் நிகழ்ந்தமையை இம்மண்ணிற் பிறந்தோர் அறிவர். ஊர் தானே தன்னை ஆளும் என்று மகிழ்வோர், அவ்வூர் என்பது யார் யாரை உள்ளடக்கிற்று என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அரசின் சட்டமும் நீதிமன்றமும் புறத்திலிருந்து வந்து ஊர்விதியைத் தகர்த்தமை சிலவிடங்களில் நன்மையே ஆயிற்று.

இவ்வாறு நோக்குமிடத்து, ஹாடின் தரும் கணக்கும் ஒஸ்ரம் தரும் நெறிகளும் நமக்குத் தீர்ப்புகளாகப் பயன்படுதலிலும் வினாக்களாகவே மிகுதியும் பயன்படுகின்றன. திருக்குறளில் ஊழுக்கு ஓரதிகாரம் அமைத்த ஆசிரியரே ஆள்வினையுடைமைக்கும் ஓரதிகாரம் அமைத்தார். ஒன்றைக் கூறியதனால் மற்றொன்றை அவர் கைவிட்டிலர்.

நிலத்தடி நீர் பற்றி நம்மிடையே நடைபெறும் பேச்சுகள் பெரும்பாலும் பெருந்திட்டங்களையே சுற்றி வருகின்றன. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' அமைக்கும் திட்டம் 1950கள் முதலாகப் பேசப்பட்டு வருவது. அதன் நன்மை தீமைகளைப் பொறியியலாளர் கூறுக. அத்திட்டம் எந்நாளில் நிறைவேறினும், இறைப்பின் அளவைப் பற்றிய வினா கிணற்றடியிலேயே நிற்கும். கலிபோர்ணியாவில் உடன்பாடு பிறந்தது, எவர் எவ்வளவு இறைக்கின்றனர் என்பதும் உவர் எவ்வளவு தூரம் புகுந்தது என்பதும் எல்லார்க்கும் தெரிந்த பின்னரே. நமது ஊர்களில் முறைநாள் உறுதியில் உளது. இறைத்த அளவோ எவரிடமும் இல்லை. இது கல்லூரியொன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. உயர்தர வகுப்புப் புவியியல் மாணவர், தம் வீட்டுக் கிணறும் அயற் கிணறுமாக இருபதைத் தெரிந்து, முடிச்சிட்ட கயிறொன்றால் நீர்மட்டத்தையும், இரசாயன ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலால் உவரின் அளவையும் மாதந்தோறும் குறித்துவரலாம். அவ்விருபதில் தோட்டக் கிணறுகள் மட்டுமன்றி, பங்கு எழுதிய உறுதி எதுவுமின்றி அக்கிணற்று நீரையே குடித்து வாழும் குடும்பங்களின் கிணறுகளும் இடம்பெறல் வேண்டும். முதற் பதிவை ஐப்பசி மழைக்கு முன்னரே, நீர் மிகத் தாழ்ந்திருக்கும் புரட்டாதியில் எடுத்தல் நன்று.